ஸ்காபரோவில் நவம்பரில் அத்திவாரம் வெட்டலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு தளம் மட்டும் உள்ள பழைய பங்களா வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். அதை இடித்துவிட்டு நிலக்கீழ் அறையோடு இரண்டு மாடி வீடு கட்ட ஒக்டோபர் நடுவில் நகரசபை அனுமதி கிடைத்துவிட்டது. எரிவாயு, மின் இணைப்புகளைத் துண்டித்துப் பழைய வீட்டை இடித்து முடிக்க நவம்பர் 20 ஆகிவிடும். கட்டடக்காரர், "உடனே குழியை வெட்டி அத்திவாரத்தைப் போட்டுவிடுவோம், பனிக்காலம் முழுக்க அது நன்றாக இறுகட்டும், வசந்தத்தில் மரவேலை தொடங்கலாம்" என்கிறார். ஐயரும் கார்த்திகைக் கடைசியில் ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அதை விட்டால் மார்கழி வந்துவிடும். தொடங்குவதா, பொறுப்பதா என்று கேட்கிறீர்கள்.

பொறுங்கள். இந்த ஆண்டு உங்கள் காணியில் மண்ணைத் திறக்க வேண்டாம்.

பனிக்காலத்தில் வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் ஜனவரியிலும் வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. மறை 15 பாகையில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியஸில், நானும் கூரை மரம் ஏற்றியிருக்கிறேன். உங்கள் கட்டடக்காரரின் பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குப் பயம் தருகிறது: "பனிக்காலம் முழுக்க இறுகட்டும்." அந்த அத்திவாரம் நான்கு மாதம் மேலே மூடியில்லாமல், சூடில்லாமல், வெறும் குழியில் நிற்கப்போகிறது என்பதுதான் அதற்குப் பொருள். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டவற்றில், புது வீட்டுக்கு இதைவிடப் பெரிய கெடுதலை வேறெதுவும் செய்ததில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரத்தின் அடி, வெளி நிலமட்டத்திலிருந்து குறைந்தது 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி ஆழத்தில் இருக்க வேண்டும். உறைபனி அந்த ஆழத்துக்குக் கீழே போகாது என்பது கணக்கு. நிலக்கீழ் அறை உள்ள வீட்டுக்கு ஏழு, எட்டு அடி ஆழம் வெட்டுகிறோம். "நான்கு அடியே போதும் என்றால் எங்களுடையது எட்டு அடி, உறைபனி எங்கே வரப்போகிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எட்டு அடி வெளிப்பக்கத்தில்தான். உள்பக்கம் குழி திறந்தபடி கிடக்கிறது. சுவரின் அடியில் அகலமாகப் போடும் கொங்கிறீட் பட்டை, நாங்கள் ஃபுட்டிங் என்பது, உள்பக்கத்தில் ஏறக்குறைய வெறுந்தரையில் இருக்கிறது. அந்தப் பக்கம் அதற்கு மேல் மூடியிருக்கும் மண்ணின் தடிப்பு பூச்சியம். குளிர்காற்று குழிக்குள் இறங்கி, அடிமண்ணை மேலிருந்து உறைய வைத்துக்கொண்டே போகும். வீடு எழும்பி, கீழே சூடு ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் பாதுகாப்பு. அதுவரை அந்த அத்திவாரத்துக்கு எட்டு அடி ஆழம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

மண் உறைந்தால் என்ன என்று கேட்கலாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது மட்டும் என்றால் இவ்வளவு கேடு வராது. வண்டல் கலந்த களிமண்ணில், உறையும் இடத்தை நோக்கிக் கீழேயிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல. ஏறிய ஈரம் அங்கேயே கட்டியாகும். அதன் கீழே இன்னொரு படை கட்டியாகும். ஒருமுறை மார்ச் மாதத்தில் இப்படிக் கிடந்த ஒரு குழியில் ஃபுட்டிங் ஓரமாகக் கோடாலியால் கொத்திப் பார்த்தோம். மண்ணுக்கு நடுவே கண்ணாடித் தகடு போல, விரல் நகத் தடிப்பில், பனிக்கட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக இருந்தது. அந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்து வடக்குப் பக்கச் சுவரை இரண்டு விரற்கடை மேலே தூக்கியிருந்தன. மூலையில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. மேற்பக்கத்தில் ஒரு டொலர் நாணயத்தை உள்ளே விடலாம். வங்கிக் கடன் தாமதமானதால் டிசெம்பரில் வேலையை நிறுத்திய வீடு அது. மண் இளகியபோது தூக்கிய சுவர் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரவில்லை. அந்தப் பக்கச் சுவரை உடைத்து மறுபடி போட்டார்கள். அந்தக் குடும்பத்துத் தாய் வேலியருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒன்ராறியோ கட்டடக் கோவையில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: தோண்டிய குழியின் அடிப்பகுதி, கட்டுமானக் காலம் முழுவதும் உறையாமல் காக்கப்பட வேண்டும். கொங்கிறீட் ஊற்றும் நாளுக்கு மட்டுமான விதி அல்ல இது, முழுக் காலத்துக்கும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. நிலக்கீழ்ச் சுவரின் மேல்முனையைப் பிடித்து நிறுத்துவது முதல் தளத்தின் மரங்கள்தான். அவை ஏறுமுன் சுவரைச் சுற்றி மண்ணை நிரப்பினால், மண்ணின் தள்ளுதலில் சுவர் உள்ளே சாயும். நிரப்பாமல் விட்டால் வெளிப்பக்கமும் உறைபனிக்குத் திறந்து கிடக்கும். உங்கள் கட்டடக்காரரின் திட்டத்தில் மரவேலை வசந்தத்தில்தான். ஆக, இரண்டில் ஒரு கேட்டை நீங்கள் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கும். உறைந்த மண்கட்டிகளைக் கொண்டு நிரப்புவது மூன்றாவது கேடு. ஏப்ரலில் அவை இளகி அமுங்கி, வீட்டைச் சுற்றிக் கிடங்கு விழும்; மழைத்தண்ணீர் எல்லாம் சுவரை நோக்கி வரும். புது வீட்டின் நிலக்கீழ் அறையில் முதல் வருடமே ஈரம் கசிகிறது என்று கேட்டால், மண் எந்த மாதம் நிரப்பப்பட்டது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

அடுத்தது, "இறுகட்டும்" என்ற சொல். கொங்கிறீட் காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. அந்த மாற்றத்துக்கு வெப்பம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெயில் கொங்கிறீட்டை வெடிக்க வைத்துவிடும் என்று சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டுக் காத்தோம். இங்கே அதே கவனம் முழுக்கச் சூட்டின் பக்கம் திரும்ப வேண்டும். காற்றின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால், ஊற்றும்போது கலவை 10 முதல் 25 பாகைக்குள் இருக்க வேண்டும். ஊற்றிய பிறகு 72 மணி நேரம் 10 பாகைக்குக் குறையாமல் காக்க வேண்டும். பனிக்கட்டியோ உறைந்த மணலோ கலவையில் சேரவே கூடாது. ஏறக்குறைய 3.5 மெகாபாஸ்கல் வலிமை வருமுன் ஒரு தடவை உறைந்துவிட்டாலே, பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்தக் கொங்கிறீட் தன் முழு வலிமைக்கு வராது, அதில் பாதிவரை இழந்துவிடலாம். அப்படி உறைந்ததைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். குளிர் இரவுகளில் யன்னல் கண்ணாடியில் பனி இலைக்கோலம் போடுமே, அதே கோலம் கொங்கிறீட்டின் மேற்பரப்பில் பதிந்திருக்கும். கண்டால் கையால் தடவிவிட்டுப் போகாதீர்கள், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே குழி வெட்டிவிட்டு இதை வாசிப்பவர்களும் இருப்பீர்கள். பதற வேண்டாம், காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் ஒரு நாளும் தவறாமல் செய்ய வேண்டும். ஃபுட்டிங் போடும் நாள்வரை குழியின் அடியைக் காப்புப் போர்வைகளால் மூடி வையுங்கள். போட்ட பிறகு ஃபுட்டிங்கின் இரு பக்கமும், உள்ளே தரை முழுவதும் மூடுங்கள். போர்வை போதாத இடத்தில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் பிளாஸ்ரிக் விரிப்புப் போடுவது இங்கே நெடுங்கால வழக்கம். முதல் வருடம் ஒரு கட்டடத்தில் வைக்கோல் கட்டுகளை இறக்கச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. மாட்டுக்குப் போடுவதைத்தான் எனக்குத் தெரியும். மறுநாள் மறை 12. விரிப்பைத் தூக்கி வைக்கோலுக்குள் கையை விட்டேன். உள்ளே மண் ஈரமாக, விரல் அமுங்க, உயிரோடு இருந்தது. ஓர் அடி தள்ளி மூடாமல் விட்ட இடத்தில் மண்வெட்டி தெறித்தது. வைக்கோல் நனைந்தால் பயனில்லை. ஆகவே மேலே தண்ணீர் தேங்காமல் விரிப்பைச் சரித்துக் கட்டுங்கள். சுவர் போட்டவுடன், தாமதிக்காமல் முதல் தள மரங்களையும் பலகையையும் ஏற்றுங்கள். அதுதான் அத்திவாரத்தின் மூடி. மூடி ஏறினால் கீழே சூடு கொடுக்கலாம். நகரசபைப் பரிசோதகர் பார்த்தபின் வெளியே மண் நிரப்பலாம். பிறகு மறை 20 வந்தாலும், உள்ளே சூடு ஓடிக்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சூடு கொடுப்பதிலும் ஓர் எச்சரிக்கை. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீற்றர்களைப் புதுக் கொங்கிறீட் தரையின் அருகே எரித்தால், அவற்றிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு மேற்பரப்பைக் கெடுத்துவிடும். கூட்டக் கூட்டத் தூளாக வந்துகொண்டிருக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். பாபிக்யூவுக்கு வாங்கும் சாதாரணச் சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கியிருக்கும். அந்த ஈரம் மரத்திலும் பலகையிலும் போய் உட்காரும். இதையெல்லாம்விடப் பெரிது காபனோரொட்சைட்டு. மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். புகையை வெளியே விட்டு வெறும் சூட்டுக் காற்றை மட்டும் உள்ளே தள்ளும் ஹீற்றரை வாடகைக்கு எடுங்கள். அல்லது வீட்டின் சொந்த ஃபர்னஸ் வரும்வரை பொறுங்கள்.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். எப்போது தொடங்கியிருந்தால் நான் சரி என்றிருப்பேன்? குழி வெட்ட ஒன்றிரண்டு நாள்; ஃபுட்டிங், சுவர், நீர்க்காப்பு, சுற்றி வடிகுழாய், இடையிடையே நகரசபைப் பரிசோதனை, பிறகு தள மரங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான்கு வாரம். மழையும் பரிசோதகரின் தேதியும் சேர்ந்தால் ஆறு. செப்டெம்பர் நடுவில் வெட்டியிருந்தால் ஒக்டோபர் முடிவில் மூடி ஏறியிருக்கும். டிசெம்பரில் கூரையும் ஏறியிருக்கும். இலையுதிர்காலத்தில் தொடங்குவதன் நன்மையே அதுதான்: பனிக்காலம் உள்வேலைக்கு மிஞ்சுகிறது. ஒக்டோபர் முதல் வாரம் என்றாலும், மரம் தயாராக இருந்து மூடியை நவம்பர் நடுவில் ஏற்றுவேன் என்று எழுதித் தரும் கட்டடக்காரர் என்றால் சம்மதித்திருப்பேன். நவம்பர் 20 என்பது வேறு கதை. நான்கு வார வேலை கிறிஸ்மஸ் விடுமுறையில் போய் முட்டும். குழுக்கள் டிசெம்பர் மூன்றாம் வாரம் கலைந்து ஜனவரியில்தான் திரும்பும். மிகக் குளிரான வாரங்களில் உங்கள் குழியைப் பார்க்க ஆளிருக்காது.

மரவேலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. அது பனிக்கு அவ்வளவு பயப்படாது. மறை 10-இல் விழும் பனி உலர்ந்த தூள். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடலாம். மரத்துக்கு எதிரி நவம்பர் மழையும், கூட்டாமல் விட்டு உருகும் பனியும்தான். பலகையின் விளிம்புகள் ஊதிவிடும். பொருத்தும்போது மரத்தின் ஈரப்பதம் 19 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; சுவரை மூடுமுன்னும் ஈரமானியைக் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் வேலைக்குக் கலவையும் கல்லும் 5 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்டிய பிறகும் 48 மணி நேரம் அப்படியே. கூடாரம் போட்டுச் சூடாக்கிச் செய்வார்கள்; பணமிருந்தால் செய்யலாம், நான் வசந்தத்துக்கு விட்டுவிடுவேன். உட்சுவருக்கு அடிக்கும் டிரைவோல் பலகைகளின் பூச்சுக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் உள்ளே 10 பாகையாவது வேண்டும்.

வாகனத் தரிப்பிடத் தரையையும் வெளிப் படிகளையும் மட்டும் பனிக்கு முன் அவசரப்பட்டு ஊற்ற விடாதீர்கள். அவற்றுக்கு 32 மெகாபாஸ்கல் வலிமையும், 5 முதல் 8 சதவீதம் நுண்காற்றுக் குமிழிகளும் உள்ள கலவை வேண்டும். அப்படிப் போட்டாலும், புதுக் கொங்கிறீட் முதல் பனிக்காலத்திலேயே பனியை உருக்கத் தூவும் உப்பைச் சந்தித்தால் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும்.

உங்கள் கட்டடக்காரர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கக் கூடாது. வசந்தம் இங்கே உடனே கைகொடுக்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல வீதிகளில் அச்சுக்கு 5 தொன் என்ற பாரக் கட்டுப்பாடு வரும். நிலம் இளகும் காலத்தில் வீதி நொறுங்காமலிருக்க அந்த விதி. உங்கள் தெருவுக்கு அது பொருந்தினால் கொங்கிறீட் லொறி அரைச் சுமையோடுதான் வர முடியும், செலவு கூடும். சேறும் கூடும். அதனால் மார்ச்சில் அவசரப்படாமல், ஏப்ரல் பிற்பகுதியில் வெட்டி, மே தொடக்கத்தில் சுவர் ஊற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் பிந்துகிறது என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அவ்வளவு இல்லை. அவருடைய திட்டப்படியும் மரவேலை வசந்தத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் இழப்பது நான்கைந்து வாரம். அதற்குப் பதிலாகப் போர்வை, புரொப்பேன், பனிக்காலத்தில் கலவை ஆலை கேட்கும் சூடேற்றும் கட்டணம் எல்லாம் மிஞ்சுகிறது. அவர் தந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சூடு கொடுக்கும் செலவு யாருடையது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. இருக்காவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

பழைய வீட்டையும் இப்போது இடிக்காதீர்கள். அது நிற்கும்வரை, உள்ளே சிறிது சூடு ஓடும்வரை, அதன் கீழுள்ள மண் உறையாது. தண்ணீர்க் குழாய்கள் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வீட்டுக்கு, பொதுவாக 30 நாளுக்குப் பிறகு, காப்புறுதி செல்லாமல் போகலாம். முகவரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். யாராவது உறவினர் பனிக்காலத்துக்கு அங்கே தங்கினால் இரண்டு கவலையும் தீரும்.

அனுமதிப் பத்திரம் ஒன்றுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஒன்ராறியோச் சட்டப்படி, அனுமதி தந்து ஆறு மாதத்துக்குள் உண்மையாக வேலை தொடங்காவிட்டால், தலைமைக் கட்டட அதிகாரி அதை இரத்துச் செய்யலாம். தானாக இரத்தாவதில்லை, அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. உங்களுக்கு ஒக்டோபர் நடுவில் கிடைத்ததால் ஏப்ரல் நடு எல்லை. இந்த மாதமே நகரசபைக்கு எழுதுங்கள்: உறைபனி காரணமாக ஏப்ரலில் அகழ்வு தொடங்குகிறோம், இடிப்பு மார்ச் கடைசியில் என்று தேதியோடு. பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நிலத்தடிக் குழாய், கம்பிகளுக்கு அடையாளமிடும் வேலையை இப்போது செய்விக்க வேண்டாம். அது குறித்த காலத்துக்குத்தான் செல்லும். யன்னல், தள மரம், கூரைச் சட்டம் ஆகியவற்றின் அளவுகளை ஜனவரியில் முடிவுசெய்து ஓடர் கொடுங்கள். அப்போது தொழிற்சாலைகளுக்கு நெருக்கடி குறைவு. சுவர் ஊற்றிய வாரமே தள மரம் வாசலில் வந்து நிற்கும்.

நல்ல நாள் பற்றி. வாஸ்து புருஷன் கண்விழிக்காத மாதங்கள் ஆனி, புரட்டாதி, மார்கழி, பங்குனி என்று நம் பெரியவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். மற்ற எட்டு மாதங்களில் ஒன்று சித்திரை. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை. உறைபனி நிலத்தைவிட்டுப் போகும் அதே காலம். உங்கள் அம்மா கார்த்திகை நாளை விட மனமில்லாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம். பழைய வீட்டின் வடகிழக்கு மூலையில், வேலியோரமாக, இயந்திரம் போகாத இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்வெட்டியால் குழி எடுத்து, கல்லை வைத்துப் பூசையைச் செய்யுங்கள். மண்ணால் மூடி, மேலே கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி, பனிக்குள் தெரியும்படி ஒரு தடியை நட்டு வையுங்கள். அகழ்வு நாளன்று கல்லை எடுத்துக் கழுவி, ஃபுட்டிங்கின் பலகையடைப்பு முடிந்ததும் அதே மூலையில், அடைப்புக்கு வெளியே, மண்ணில் பதியுங்கள். ஃபுட்டிங்குக்கு உள்ளே மட்டும் போட்டுவிடாதீர்கள். பரிசோதகர் எடுக்கச் சொல்வார்.